பூசை நேரத்தில் பார்த்த வீடு

தோட்டத்துக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற மரியநாயகம், தன் சேமலாபப் பணத்தைப் போட்டு, வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த வீடொன்றை நாவலப்பிட்டியில் எடுத்தார். ஏலத்துக்கு முந்திய ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போகாமல் போய்ப் பார்த்தார். வீடு பூட்டிக் கிடந்தது. ஆளில்லை என்று நம்பிவிட்டார்.

அங்கே ஐரின் குடும்பம் வாடகைக்கு இருந்தது. கையில் வீட்டு உறுதிப் பத்திரம் இருந்தும், எழுபத்திரண்டாம் ஆண்டு வாடகைச் சட்டம் அவர்களை வீட்டைவிட்டு எழுப்ப விடவில்லை. ஏழு வருடம் வழக்குப் பேசியே அலுத்துப்போனார். இப்போது மாதாமாதம் சொற்ப வாடகைக்காகப் படியேறுகிறார். வரியையும் அவரே கட்டுகிறார்.

நேற்றும் ஐரின் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"காலி வீடுன்னு நெனச்சுத்தாம்மா வாங்கினேன்."

"நாங்க கோயில்ல இருந்தோம் சேர். அன்னைக்கு நீங்களும் பூசைக்கு வந்திருந்தா எங்களப் பாத்திருப்பீங்க."