சுவா சூ காங் சாணிக் குழியும் நான் எழுதிய சீட்டும்

1964 மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரின் சுவா சூ காங் கிராமத்துக்குப் போனேன். போகவேண்டி வந்தது என் சீட்டால். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் வீராசாமி அண்ணன், கன்றுகளுக்குக் கழிச்சல், கிருமியை எப்படிக் கொல்வது என்று கேட்டிருந்தார். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஆனால் நேரில் பேசக் கூச்சம். "கிருமி ஒழிய பினாயில் ஊற்றவும்" என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். பத்தே நாளில் அவருடைய சாணிவாயு அடுப்பு அணைந்துவிட்டது.

ஏழரைக்குத் தேக்காவில் பஸ் ஏறினேன். புக்கிட் பாஞ்சாங் பத்தாவது மைல் நிறுத்தத்தில் வேறு பஸ் மாறவேண்டும். மொத்தம் அறுபத்தைந்து காசு, ஒன்றேகால் மணி நேரம். பிறகு அரை மைல் செம்மண் பாதை. மழை பெய்திருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

அண்ணனுக்குப் பன்னிரண்டு மாடுகள். தொழுவத்தின் பின்னால் சிமெண்டுக் குழி, அதன்மேல் கவிழ்த்த இரும்புத் தொட்டி. சாணி புளித்து எழும் வாயு தொட்டியைத் தூக்கும். குழாய் வழியே அடுப்புக்குப் போகும். ஊர்ப் பத்திரிகையில் வந்த ஒரே ஒரு படத்தைப் பார்த்து அண்ணனே கட்டியது. பட்டம் வாங்கிய எனக்கு அது வந்திருக்காது. அன்று தொட்டி எழும்பாமல் குழியின் அடியில் கிடந்தது.

"சீட்டுல உள்ளபடிதான் செஞ்சேன்மா. குழியிலயும் ரெண்டு போத்தல் ஊத்துனேன். அங்கதானே கிருமி ஜாஸ்தி?"

"படிச்ச பிள்ளை எழுதுனதுலா, தப்பாவா இருக்கும்?" என்றார் அவர் மனைவி செல்லம்மா அக்கா. பால் கேன் கழுவ வெந்நீர் இல்லாமல் இரண்டு நாள் பால் கெட்டிருந்தது. குழியை மூடிவிடப் போவதாக அண்ணன் சொன்னார்.

"தப்பு என்னோடதுதான் அண்ணே. வாயு உண்டாக்குறதும் கிருமிதான். அதையும் சேர்த்துக் கொன்னுட்டோம்."

அண்ணன் குழி ஓரத்தில் குந்தினார். "அப்ப நோய்க் கிருமி?"

ஒவ்வொரு நாள் சாணியும் நாற்பது நாள் காற்றுப் படாமல் உள்ளே கிடந்தால் பெரும்பாலும் செத்துவிடும் என்றேன். எல்லாம் சாகாது, அதனால் வெளிவரும் கரைசலைக் காயவைக்கவேண்டும், கீரைப் பாத்திக்குப் போடக்கூடாது. அன்றே குழியில் பாதியை இறைத்து வேறு பள்ளத்தில் கொட்டிவிட்டு, புதுச் சாணியும் தண்ணீரும் கரைத்து ஊற்றினார்கள். பினாயில் தொழுவத்தோடு நின்றது; கழுவிய நீருக்குத் தனி வாய்க்கால் வெட்டினார்.

ஆறு வாரம் கழித்துப் போனேன். தொட்டி ஒரு முழம் எழுந்திருந்தது. நீலச் சுடரில் முதலில் கேன்களுக்கு வெந்நீர், பிறகுதான் எனக்குக் காப்பி. "இனிமே சீட்டு வேணாம்மா, நேர்ல வந்து சொல்லுங்க," என்றார் அண்ணன்.

போக நினைப்பவர்கள் பால் வேலை முடிந்து, பத்து மணிக்கு மேல் போங்கள். கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தச் சோப்புத் தண்ணீரோடு குழிப் பக்கம் ஓர் அடி வைத்தாலும் அக்கா தடுத்துவிடுவார்: "அங்க ஊத்தாதீங்க, நம்ம ஆளுங்க வேலை செய்யுறாங்க."