பக்கம் புரளும் இடம்

ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "அடுத்து யாருங்க? சில்லறையா குடுங்க" என்று கத்திக் கத்தியே வளர்ந்த குரல் என்னுடையது. கூட வேலை செய்பவர்கள் எனக்கு வைத்த பெயர் சைரன். அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஐம்பது வயதில் ஓப்பரா பாடக் கிளம்பினேன் என்றால் என் துணிச்சலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசிக்க எனக்கு ஆள் ஏது? பியானோ மட்டும் பதிவான ஒரு பாட்டைப் போனில் இறக்கி, ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, சமையலறையில் நின்று பாடுவேன். கப்பலேறிப் போன காதலனை நினைத்து ஒருத்தி இத்தாலிய மொழியில் அழும் பாட்டு. அர்த்தம் தெரியும், வார்த்தைதான் வாயில் நுழையாது. போன் பியானோவுக்கு ஈவு இரக்கமே கிடையாது. நான் இருமினாலும் தும்மினாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ரயிலைத் தவறவிட்டவள் மாதிரி நான் பின்னாலேயே ஓடுவேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது நிற்கும். உச்ச சுரத்துக்குச் சற்று முன்னால் பியானோ அடங்கி, வாசித்தவர் பக்கம் புரட்டும் சத்தம் 'சர்ர்' என்று கேட்கும். அதுதான் எனக்குப் பச்சைக்கொடி. உடனே மூச்சை இழுத்து மேலே ஏறிவிடுவேன்.

அடுத்த அறையில் என் வீட்டுக்காரர் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டிருப்பார். "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால், "நான் எங்க கேட்டேன்? என் காதும் பேப்பர்லதான் இருந்துச்சு" என்பார்.

எங்கள் ஊர் இசைக்குழு, அரங்கில் தனியாகப் பாட ஒருவரைத் தேடியது. ஆயுசில் ஒரு தடவையாவது குறுக்கே கண்ணாடி இல்லாமல் மனிதர்கள் முன்னால் குரலைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. பெயர் கொடுத்துவிட்டேன். துணைக்கு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

தேர்வுக்கு நிஜ பியானோக்காரர் வந்திருந்தார். அவர் முன்னால் காகிதமே இல்லை, ஒரு டேப்லெட். காலால் எதையோ அமுக்கினால் சத்தமில்லாமல் பக்கம் மாறுகிறது. அதன் ஆபத்து எனக்கு அப்போது உறைக்கவில்லை. பாட்டு நன்றாகவே போனது. உச்சத்துக்கு முன்னால் பியானோ அடங்கியது. நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வாசிப்பது மனிதராக இருந்தால் பாடுகிறவளுக்காக நிற்பார் என்கிற அரிச்சுவடிகூடத் தெரியாத மண்டு நான். காதலனோடு சேர்த்து என் மானமும் கப்பலேறியது.

அப்போது பின்வரிசையிலிருந்து 'சர்ர்' என்றது.

என்னைக் கேட்காமலேயே மூச்சு உள்ளே போனது, குரல் மேலே ஏறியது. அது யார் வீட்டுப் பேப்பர் என்று திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தேர்வு செய்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்த மௌனம் இருக்கே, அதுதாங்க பாட்டு! எப்படித் துணிஞ்சு நிறுத்துனீங்க? அரங்கத்துல பாடும்போது அதை மட்டும் மாத்திராதீங்க" என்றார். நானும் பெரிய கலைஞர் மாதிரித் தலையாட்டி வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "காதே குடுக்கலன்னு சொன்னீங்களே?"

"குடுக்கலதான். அந்த இடத்துல நீ மூச்சு இழுக்குற வரைக்கும் எனக்கும் மூச்சு வராது. அவ்வளவுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மடியிலிருந்த பேப்பரை விரித்து, நிதானமாக ஒரு பக்கம் புரட்டினார்.