டேப்பக்கா பெயர் மாற்றிய ஃபோல்டர்

கேசட் காலத்தில் வேலைக்கு வந்தவள் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவள் டேப்பக்கா. கேசட் ஒழிந்து இருபது வருஷமாகியும் பெயர் ஒட்டிக்கொண்டது. தொண்டையில் புற்று வந்து குரல்வளையை இழக்கப்போகிறவர்கள், அதற்கு முன்பு அவளிடம் வருவார்கள். 'தண்ணி வேணும்', 'கதவைச் சாத்து', 'வலிக்குது' என்று முந்நூறு வாக்கியங்களை அவரவர் குரலில் பதிவு செய்து கொடுப்பாள். அறுவை முடிந்த பிறகு அதைப் போனில் ஏற்றித் தருவாள்; பட்டனை அழுத்தினால் அவர் குரலே பேசும். கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று ஓர் ஆளைப் போடப் பார்த்தார்கள். "நானே கத்துக்கறேன்" என்று நாற்பது வயதுக்கு மேல் மல்லுக்கு நின்று கற்றுக்கொண்டாள்.

பதிவின் நடுவே விழும் இருமலையும் செருமலையும் வெட்டி, 'குப்பை' என்ற ஃபோல்டரில் போடுவாள். மதியம் சாப்பிட எழும்போது, கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கட்டளை சொல்லும், தானே எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிடுவாள். அன்றைய பதிவுகள் இருக்கும் ஃபோல்டரிலிருந்து அது கிளம்பும். உள்ளே இருக்கும் குப்பைக்குள் போய், அங்குள்ள ஒலிகளையெல்லாம் மீட்க முடியாதபடி அழிக்கும். அப்படித்தான் அழிக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. ஏதாவது பிசகினால் திரையில் சிவப்பு எழுத்து வரும். பக்கத்தில் இருக்கும் நோயாளி, தன் தொண்டையைப் பற்றித்தான் என்னவோ எழுதியிருக்கிறது என்று வெலவெலத்துப்போவார். அதனால் எது நடந்தாலும் வாயைத் திறக்காமல் வேலையை முடி என்று ஸ்கிரிப்டில் எழுதிவைத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் கேட்டார்.

"என்னக்கா, என் இருமலெல்லாம் குப்பையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. அப்போதே ஃபோல்டரின் பெயரை 'மிச்சம்' என்று மாற்றினாள். ஸ்கிரிப்டிலும் மாற்ற வேண்டும் என்பது அடியோடு மறந்துபோயிற்று.

ஒரு மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடியது. குப்பை என்று ஒன்று அங்கே இல்லை. ஆளாக இருந்தால் திரும்பி வந்து எங்கே போக என்று கேட்டிருப்பான். இது கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே, அன்றைய பதிவுகளுக்கு நடுவிலேயே நின்று, அங்கிருந்த ஒலிகளை எல்லாம் அழித்துவிட்டு, சத்தமில்லாமல் முடிந்தது. அன்று மதியம் வேறு நோயாளி இல்லாததால் அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் காலை கண்டக்டரை அறுவைக்குக் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் கழித்து, அவர் மனைவி வந்தாள்.

"அக்கா, உள்ளே இருக்காரு. அங்க உக்கார முடியல. அவர் பேசினதை ஒரு தடவை போடுங்களேன்."

டேப்பக்கா ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே இருந்த ஒரே ஒரு ஃபோல்டரைத் தவிர எல்லாம் காலி. 'மிச்சம்' என்ற பெயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மெஷின் பழுது என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படிச் சொல்லத்தான் வாயும் எடுத்தாள்.

"நான் அழிச்சுட்டேம்மா," என்றாள். "என் தப்புதான்."

அந்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"அங்க கழுத்தை அறுத்துக்கிட்டிருக்காங்க. இனி எங்க போய்ப் பேச வைப்பீங்க?"

அடித்த கையைத் தடவிக்கொண்டே அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசியா என்னதான் பேசினாரு?"

முந்நூறும் முடிந்தபின், விருப்பப்பட்ட ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி எல்லோரிடமும் கேட்பது வழக்கம். கண்டக்டர் தண்ணீர் குடித்தார், வெட்கப்பட்டார், சரியாக வரவில்லை என்று நான்கு தடவை எடுக்கச் சொன்னார்.

"உங்களைத்தாம்மா கேட்டாரு. நீ சாப்பிட்டியான்னு. சரியா வரணும்னு நாலு தடவை சொன்னாரு."

"என்னையா?" அந்தம்மாவின் குரல் உடைந்தது. "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நான்தான் அவரைக் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் கேட்டதில்ல."

டேப்பக்கா அழுதேவிட்டாள். அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மத்ததெல்லாம் போச்சுன்னு நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்க. அந்தப் பாவம் உங்களோட. இந்த ஒண்ணை மட்டும் நான் கேட்டுட்டேன்னு சொல்லிடறேன். நாலு தடவை சொன்ன மனுஷன், இல்லேன்னா தாங்கமாட்டாரு."

"சரிம்மா."

"நான் கேட்டேங்கறது பொய்யாப் போகக்கூடாதில்ல? அவர் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

டேப்பக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதல் தடவை குரல் வரவில்லை.

"நீ சாப்பிட்டியா?"

அந்தம்மா கண்ணை மூடியிருந்தாள். முந்தைய ராத்திரியிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் கூடக் குடித்திருக்கவில்லை.

"சாப்பிட்டேங்க," என்றாள்.