அலுமாரியில் ஒட்டிய தாள்

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பாவின் கட்டிலருகே இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, அம்மாவின் அண்ணனான மாமா, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கட்டுகஸ்தோட்டைக் கடை முதலாளி. இல்லாதவர்களும் மூன்று பேர். கொழும்பில் ஹோட்டல் வேலையிலிருந்த அண்ணன் இல்லை. அப்பாவை வெறுங்காலோடு சாக்கடைக் கானுக்குள் இறக்கிய கொந்தராத்துக்காரர் இல்லை. நானும் இல்லை. முதல் இருவரையும் திட்டித் திட்டி என் வாய் ஓய்ந்துவிட்டது. மூன்றாவது ஆளைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை.

அப்பாவின் வேலை கண்டி டவுனில் சாக்கடைக் கான் துப்புரவாக்குவது. மஹய்யாவயில் எங்கள் வரிசை வீடுகளில் பலருக்கும் அதே வேலைதான். அவர்களுக்கு நிரந்தரம் கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் நாட்கூலிக்குப் போனார். பூட்ஸ் கேட்டால் அடுத்த மாதம் என்பாராம் அவர். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் அப்படிச் சொல்லத் தொடங்கினார். உயர்தரம் எழுதி முடித்து, எங்கள் குடும்பத்திலேயே அவ்வளவு தூரம் படித்த முதல் ஆளாக நான் வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்த அடுத்த மாதம் வரவில்லை. அப்பாவின் குதிகாலில் வெடிப்பு இருந்தது. கானில் எலி மூத்திரம் இருந்தது. எலிக்காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று மூன்று நாள் கடையில் வாங்கிய குளிசையை விழுங்கிக்கொண்டு வேலைக்கும் போனார். கண் மஞ்சளாகி, சிறுநீர் அடியோடு நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன என்றார் டொக்டர். அவர் சிங்களப் பெண். எனக்காகச் சிங்களத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒரு வாரம், பத்து நாள் தாக்குப்பிடித்தால் அவை தாமாகத் திரும்ப வேலை செய்யலாம். அதுவரை தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். சில சாப்பாட்டுச் சாமான் உள்ளே போனால் சிறுநீரகத்தால் வெளியே தள்ள முடியாது, இதயம் நின்றுவிடும். எவையெவை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டிலிருந்து வருபவர்களுக்கு விளங்கப்படுத்துவீர்களா என்று கேட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் மிஸ் என்றேன். சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்ந்தது. அது இப்போதும் ஞாபகமிருக்கிறது.

ஆண்கள் வாட்டு என்பதால் துணைக்கு நான் மட்டும்தான் நிற்கலாம். அம்மா பகல் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அப்பா நாளெல்லாம் தண்ணீர் கேட்டார். நாக்கு உலர்ந்து மரப்பட்டைபோல இருந்தது. "ஒரு வாய் குடுய்யா, ஒரே வாய்" என்று என்னை "ய்யா" போட்டுக் கெஞ்சினார். நான் அளவுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்றேன். மூன்றாம் நாள் அம்மா சேலைத் தலைப்புக்குள் மறைத்து ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் கொடுப்பதைப் பிடித்துவிட்டேன். அத்தனை நோயாளிகளுக்கும் கேட்கும்படி ஏசினேன். அப்பாவைக் கொல்லவா வந்தீங்க என்றேன். அம்மா போத்தலை மூடிக்கொண்டு தலை குனிந்து நின்றார். மாமா மட்டும் விடவில்லை.

"சரி டொக்டர். கம்பளிய இழுத்து மூடவாவது விடுவீங்களா, அதுக்கும் பாஸ் பண்ணனுமா?"

நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்தவன்கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே வெள்ளைத்தாள் ஒன்று வாங்கினேன். "கொடுக்கக் கூடாதவை" என்று சிவப்பில் எழுதி அடிக்கோடிட்டு, கீழே கறுப்பில் இலக்கம் போட்டு எழுதினேன். வாழைப்பழம், தோடம்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி, செவ்விளநீர். கட்டிலருகே இருந்த சின்ன அலுமாரிக் கதவில் ஒட்டினேன். தமிழ் தெரியாத நேர்ஸ்கூட எழுத்து அழகு என்றார். அம்மாவிடம், குடிக்கச் சாப்பிட ஏதும் கொடுப்பதானால் எல்லாம் இதில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"சரி தம்பி" என்றார் அம்மா.

அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே எங்களைச் சேர்க்கத்தான். மாமாவுக்குச் சம்பளத் துண்டில் பெருவிரல் வைக்கத்தான் தெரியும். அப்பா கையெழுத்துப் போடுவார், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? மூன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்துச் சொன்னவன் நான். தெரிந்துகொண்டேதான் ஒட்டினேன்.

ஐந்தாம் நாள் கொந்தராத்துக்காரரின் கந்தோருக்குப் போனேன். வேலையிடத்தில் வந்த நோய் என்று ஒரு கடிதம் கொடுத்தால் கொஞ்சம் நட்டஈடு கேட்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். பதினொரு மணியிலிருந்து ஒன்றரை வரை அங்கே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே போயிருக்கிறார் என்றான் கிளார்க். வாசலில் அவருடைய சப்பாத்து இருந்தது. கறுப்பு, பொலிஷ் போட்டது. இரண்டரை மணித்தியாலம் அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன்.

வாட்டில் அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். உள்ளே மெஷின் விட்டுவிட்டுக் கத்தியது. டொக்டர் தலையை வெளியே நீட்டி, என்ன குடித்தார் என்று என்னைக் கேட்டார். கட்டிலுக்கடியில் ஒரு பையிலிருந்து செம்மஞ்சள் நிறக் கோம்பை இரண்டு எட்டிப் பார்த்தன. தெம்பிலி என்கிற செவ்விளநீர். சிறுநீர் நின்றால், உடம்பு சூடேறினால், எங்கள் வரிசையில் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது அதுதான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வராதவர்கள் கொண்டு வருவதும் அதுதான். என் தாளில் அது ஐந்தாவது இலக்கம்.

மாமா வாட்டுக்கு வெளியே கொரிடோவில் நின்றிருந்தார். கொலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துத் தள்ளினேன். அம்மாவைக் கட்டிக்கொடுத்தவர், எனக்கு முதல் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கித் தந்தவர். சொல்லக் கூடாத வார்த்தைகளெல்லாம் சொன்னேன். இந்தத் தடவை அவர் என்னை டொக்டர் என்று சொல்லவில்லை. கதவோரமாக இருந்த பக்கத்துக் கட்டிலிலிருந்து கட்டுகஸ்தோட்டை முதலாளிதான் கூப்பிட்டார்.

"மகன், அவர விடுங்க. வாங்கிட்டு வரச் சொன்னது ஒங்கட அம்மா. குடுக்கிறதுக்கு முந்தி என்னத்தான் கேட்டாங்க, மொதலாளி, இந்தத் தாள்ல மகன் என்ன எழுதியிருக்கான்னு. எனக்குக் கண்ணாடி இல்லாம வாசிக்க ஏலா. கண்ணாடி ஊட்டுல. இல்லாட்டி வாசிச்சிருப்பேனே, மகன்."

நான் கையை எடுத்தேன். அம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அவர் அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தண்ணி குடுக்காதன்னு ஏசுனே. குடுக்கல. மூத்திரம் போகாட்டி தெம்பிலி குடுக்குறதுதானேன்னு நெனச்சேன். வேற என்னா குடுக்கக் கூடாதுன்னு நீ வாயத் தொறந்து சொல்லல. தாள்ல இருக்குன்னே. தாளு எங்கிட்ட பேசுமா?"

அதன் பிறகு எத்தனையோ பேர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். பூட்ஸ் தராதவன் மேல், சாகக்கிடந்தவரைப் பார்க்க லீவு கேட்கத் தெரியாத அண்ணன் மேல், கொரிடோவில் வேடிக்கை பார்த்தவர்கள் மேல். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்தச் சிவப்பு அடிக்கோடு கண்ணில் வந்து நிற்கும். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. ஐந்து சாமான். வாயால் சொல்ல ஒரு நிமிடம் போயிருக்காது. அந்த ஒரு நிமிடம் அம்மாவோடு உட்கார்ந்து பேச எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. என்னைப் பார்த்து வாட்டையே மாமா சிரிக்க வைத்ததற்கு அவரால் வாசிக்க முடியாத ஒன்றை அவர் முகத்துக்கு நேரே ஒட்டினேன். அவ்வளவுதான் விஷயம்.

ஊசி போட்டு, இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்குக் கொண்டுபோய், இருட்டுவதற்குள் அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கியதை முடிக்கவில்லை. அடுத்த நாள் தாளைக் கிழிக்கப் போனேன். பாதி வந்தது, பாதி அலுமாரியோடு ஒட்டிக்கொண்டது. அம்மாவிடம் ஐந்தையும் வாயால் சொன்னேன். அதற்குப் பிறகு பார்க்க வந்த ஒவ்வொருவரையும் அம்மா கதவிலேயே மறித்து, பையைத் திறந்து பார்த்து, வாட்டு முழுக்கக் கேட்கும்படி ஐந்தையும் ஒப்புவித்தார். ஒரு தடவைகூட ஒன்றும் விடுபடவில்லை.

பதினோராம் நாள் சிறுநீர் வந்தது. மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தோம். நட்டஈட்டுக் கடிதம் வரவில்லை. கொந்தராத்துக்காரர் ஒரு பால்மா பக்கற் அனுப்பினார். அம்மா அதைத் திறக்கவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லாததால், படுத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்:

"மாமா அன்னைக்கு தெம்பிலி வாங்கியாந்தாரே, அந்தக் காச குடுத்தியா? அவருக்கு ஏதுடா காசு?"

கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா கதவைப் பாதி திறந்து, முகத்தைப் பார்க்காமல் வாங்கி, எண்ணாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். வாங்க மருமகனே என்று சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி, வைத்தியத்துக்கு எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. அப்பாவுக்கு இல்லாமல் போன இரண்டு மாதக் கூலி, அம்மாவின் கடை கூட்டும் சம்பளத்தில் வெட்டியது, ஓட்டோ, பஸ், வெளியே சாப்பிட்ட சோற்றுப் பார்சல் எல்லாம் சேர்த்து எங்களுக்குப் போனது நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய். தெம்பிலி இரண்டு, நூறு ரூபாய். ஆக மொத்தம் நாற்பத்தோராயிரத்து நானூற்று அறுபது.