தங்கைக்குக் கிடைத்த கம்பு

வலது காலை எடுத்து வைத்துவிட்டு, கல்பனா குனிந்து ஸ்கேலால் அளக்கிறாள். குதிகாலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒன்றேகால் அடி இருக்க வேண்டும். அரை அங்குலம் கூடிவிட்டாலும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு மறுபடி வைப்பாள். மொட்டைமாடியில் சாக்பீஸால் போட்ட கோடுகள் பனியில் மங்கியிருந்தால் முதலில் அவற்றைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த அடி. ஐந்தரை மணிக்கு மாடி ஏறுகிறவள் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை இறங்குவதில்லை. சிலம்பத்தில் இதற்குக் காலடி என்று பெயர். காலடி தேறிய பிறகுதான் கையில் கம்பு கொடுப்பார்கள். ஏழு வாரமாகியும் கல்பனாவுக்குக் கொடுக்கவில்லை.

வயது நாற்பத்து நான்கு. பத்தாவது வரை படிப்பு. காக்களூர் எஸ்டேட்டில், போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் வேலை. ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு இரும்பு வளையங்களில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் போக வேண்டும், இன்னொன்றில் போகக் கூடாது. மற்ற பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்வார்கள். கல்பனா தலை நிமிர மாட்டாள். சூப்பர்வைசர் மாறிப் பத்து நாள் கழித்து, "புது ஆளா வந்துகிறாரு?" என்று கேட்டவள். தான் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதை யாரும் கேட்காமலே சொல்லுவாள்.

சிலம்ப ஆசை அவளுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போகும்போது ஏரிக்கரை மைதானத்தில் பெண்கள் கம்பு சுற்றுவதை பஸ் ஜன்னல் வழியாக இரண்டு வருடம் பார்த்தாள். பிறகு ஓவர்டைமை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தனியாகப் போகக் கூச்சம். அடுத்த தெருவில் இருக்கும் தங்கை ரம்யாவையும் இழுத்துக்கொண்டு போனாள். ரம்யா எட்டு வயது இளையவள், வேறொரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி.

"எனக்கு இன்னாத்துக்குக்கா இதெல்லாம்? வாரத்துல ஒரு நாளுதான் நல்லா தூங்கறேன்."

"தொணைக்குத்தான்டி கூப்பிடறேன். நீ ஓரமா குந்திகினு போன் பாரு."

கற்றுக்கொடுப்பவள் ஸ்நேகா. இருபத்து மூன்று வயது. வார நாட்களில் திருவள்ளூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. எல்லோரும் அவளை 'மாஸ்டர்' என்பார்கள். கல்பனாவுக்கு மட்டும் வாய் தவறி 'பாப்பா' என்று வந்துவிடும். மைதானத்தில் யாரையும் ஓரமாக உட்கார ஸ்நேகா விடுவதில்லை. ரம்யாவின் போனை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, அவளையும் வரிசையில் நிறுத்தினாள்.

சைக்கிள், தையல், ஸ்கூட்டி எல்லாமே கல்பனா முதலில் கற்று, பிறகு தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தவை. ரம்யா வீட்டில் கொதிக்கும் காரக்குழம்புக்குக்கூட அக்கா சொன்ன அளவுதான் புளி. அப்படியிருக்க, ஐந்தாவது வாரம் ஸ்நேகா ஒரு பிரம்புக் கம்பை எடுத்துக்கொண்டு வரிசையோடு நடந்து வந்தாள். கல்பனா கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு தயாராக நின்றாள். ஸ்நேகா அவளைத் தாண்டிப் போய், "ரம்யாக்கா, புடிங்க" என்றாள்.

அன்று வீட்டில் நாஷ்டா நேரத்தில் கணவர் வரதனிடம் கல்பனா சொன்னாள்: "காலு ரெண்டும் கோணகோணையா வெக்கிறா. அவளுக்குக் கம்பா?"

"குடுத்தாங்க, வாங்கிக்கினா. அவ இன்னா பண்ணுவா?" என்றார் வரதன். அவருக்கு இரண்டாம் முறை சட்னி வரவில்லை.

மறுவாரத்திலிருந்து ரம்யா தெருவில் கம்பு சுற்றினாள். பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கல்பனாவும் மாடியிலிருந்து பார்த்தாள், ஆனால் தங்கையின் கால்களை மட்டும். இடது குதிகால் தூக்கிக்கொண்டது ஒன்று. திரும்பும்போது முட்டி மடங்கவில்லை, இரண்டு. இப்படிப் பதினோரு தப்பு எண்ணினாள். முகத்தைப் பார்க்கவில்லை. ரம்யா கொண்டுவரும் மீன்குழம்பைக்கூடக் கதவோரமாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு நாள் ரம்யாவே மாடிக்கு வந்து, "எக்கா, இந்தா, நீ கொஞ்சம் சுத்திப் பாரு" என்று தன் கம்பை நீட்டினாள். "மாஸ்டரு குடுக்கட்டும்" என்று கல்பனா சாக்பீஸ் கோட்டைத் திருத்தத் தொடங்கிவிட்டாள். 'மாஸ்டர்' என்ற சொல் அவள் வாயில் சரியாக வந்தது அப்போதுதான்.

எட்டு வாரத்துக்குள் கம்பு வாங்காதவர்கள், அடுத்த மாதம் சேரும் புதியவர்களோடு மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். அந்தப் புதியவர்களுக்குக் காலடி சொல்லிக்கொடுக்கப் போகிறவள் ரம்யா என்று ஸ்நேகா அறிவித்திருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து கல்பனாவுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

எட்டாவது ஞாயிறு வந்தது. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே கல்பனா ஸ்நேகாவிடம் போய், தங்கையின் பதினோரு தப்பையும் விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஸ்நேகா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"தெரியும்க்கா. உங்க காலு மாதிரி இங்க யாருக்கும் வராது. ஆனா அவங்க எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சியப் பாக்கறாங்க. கேட்டுல நின்னு பழக்கம். நீங்க தரையத்தான் பாத்துகினு இருக்கீங்க."

"தரையப் பாக்காம எப்பிடி காலைக் கரெக்டா வெக்கிறது?"

"அடி தரையிலேந்தா வரும்?"

ஸ்நேகா ரம்யாவைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினாள். ரம்யா கம்பு வீச வேண்டும். கல்பனா காலடியால் விலக வேண்டும். கண் கீழே போகக் கூடாது. ஒரு தடவை ஒழுங்காக வந்தால் போதும், கம்பு தருவதாகச் சொன்னாள்.

கல்பனா நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் கால் தடுமாறியது. ஏழு வாரமாக அரை அங்குலம் பிசகாத கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வரிசையில் யாரோ சிரித்து அடக்கினார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, தங்கையின் முகத்திலேயே கண்ணை ஊன்றி நிறுத்தினாள். மூன்று வாரம் கழித்துப் பார்க்கிற முகம். வெயிலில் கறுத்து, கன்னம் வற்றி, முன்னைவிட அழகாக இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது. கம்பு வந்தது. கல்பனா விலகினாள். கால் சரியாகத்தான் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனால் கம்பு வருவதற்கு முன் ரம்யாவின் கண்கள் அவளிடம் வேறொன்றைச் சொல்லிவிட்டன. ரம்யா வீசவே இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, அக்கா மேல் படாத தூரத்தில் மெதுவாகக் கம்பைக் கொண்டுபோயிருந்தாள்.

ஸ்நேகா புதுக் கம்பு ஒன்றை எடுக்கக் குனிந்தாள்.

"எனக்குப் பாவம் பாக்கிறியாடி?" என்றாள் கல்பனா.

ரம்யா கம்பைத் தாழ்த்தினாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

"வீசு. கேட்டுல திருட்டுப் பையன் வந்தா இப்பிடித்தான் வீசுவியா?"

"எக்கா, பட்டுடும்."

"வீசுடி."

ரம்யா ஸ்நேகாவைப் பார்த்தாள். ஸ்நேகா குனிந்த இடத்திலிருந்தே தலையாட்டினாள். ரம்யா ஒரு அடி பின்வாங்கி, காற்றில் சத்தம் எழக் கம்பைச் சுழற்றி வீசினாள். கல்பனா விலகவில்லை. தங்கையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினாள். கம்பு உள்ளங்கையில் வந்து விழுந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

"எக்கா, உடு" என்றாள் ரம்யா. இழுத்துப் பார்த்தாள். "மாஸ்டரு வேற கம்பு எடுத்துகினு வந்துட்டாங்க பாரு. உடுக்கா."

கல்பனா புதுக் கம்பின் பக்கம் திரும்பாமல் இன்னொரு கையையும் கொண்டுவந்து, அதே கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.