விசில் சத்தத்துக்கு நின்ற பஸ்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசிலக்கா என்றால்தான் தெரியும்.

வேலை பார்த்த துணிக்கடை மூடப்பட்ட பிறகு உடலை விற்கும் தொழிலுக்கு வந்தவள். நாலு படி ஏறினால் அவள் அறை. தெரு ஒடுக்கமானது, பஸ் போகும்போது உள்ளே இருப்பவர்களும் அவளும் ஜன்னலுக்கு ஜன்னல் முகம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்தவன் ஆணுறை வேண்டாம் என்றான். சுகாதார நிலையத்து நர்ஸம்மா எச்ஐவி பற்றி விவரமாகச் சொல்லியிருந்ததால், அது இல்லாமல் முடியாது என்றாள். அவன் கழுத்தைப் பிடித்தான். சுவரைத் துழாவிய அவள் கைக்கு, எப்போதோ வந்த கண்டக்டர் ஒருவர் ஆணியில் மாட்டி மறந்துபோன விசில் அகப்பட்டது. மிச்சமிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள்.

ஒற்றை விசிலுக்கு பஸ் நிற்கும். நின்றது. தான் ஊதவே இல்லை என்று கண்டக்டர் சத்தியம் செய்ய, பயணிகள் அத்தனை பேரும் அவள் ஜன்னலைப் பார்த்தார்கள். சட்டையில்லாத ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்தான்.

ஓர இருக்கையில் இருந்த டீச்சர் ஒருவர் நிதானமாகக் கேட்டார். "ஏம்ப்பா, கழுத்தை விட்டுட்டுப் பேசக் கூடாதா?"

விட்டுவிட்டான். சட்டையைப் பித்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கியவனுக்கு நேர் எதிரே பஸ் கதவு திறந்திருந்தது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஏறிவிட்டான். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

நர்ஸம்மா நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "அடி விழும்னா எவ வாயைத் திறந்து காண்டம் போடுன்னு சொல்லுவா?" என்றார். அதன்பின் தெருவில் இதே தொழிலில் இருந்த பெண்களுக்கு ஆணுறைப் பாக்கெட்டோடு ஆளுக்கொரு விசிலும் கிடைத்தது. அவர்களில் ஒருத்தியான அடுத்த வீட்டுத் தையல்காரி, விசில் கழுத்தில் தொங்க ஆரம்பித்த பிறகுதான் ஆணுறை இல்லாமல் முடியாது என்று ஒருவனிடம் முதல்முறையாகச் சொன்னாள். விடுதியில் படிக்கும் மகள், அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, போக்குவரத்து என்று சொல்லிவைத்தாள் விசிலக்கா. முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை.

விசில் கேட்டபோதெல்லாம் பஸ்கள் நின்று நின்று போயின. டெப்போ அதிகாரி தேடி வந்துவிட்டார். அவருக்கும் மனசாட்சி இருந்தது. ஆகவே பணிவாகவே கேட்டார்.

"ஏம்மா, அடி வாங்கறதை பஸ் இல்லாத நேரமாப் பாத்து வச்சுக்கக் கூடாதா?"

"அடிக்கறவங்ககிட்ட டைம்டேபிள் குடுத்துப் பாக்கறேன் சார்."

இனி விசிலுக்கு பஸ் நிற்காது, போலீஸை விட்டு எல்லாவற்றையும் வாங்கிவிடுவேன் என்று சொல்லிப் போனார். விசிலக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். விசில் போனால் தையல்காரியின் வாய் மறுபடி அடைத்துக்கொள்ளும்; அப்புறம் நோய் வர எத்தனை நாள் ஆகும்?

மறுநாள் அதிகாரியே பஸ்ஸில் ஏறி வந்தார். தெருவுக்குள் நுழைந்ததும் தையல்காரி வீட்டிலிருந்து விசில் கேட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். அதிகாரி வேண்டாமென்று தலையை ஆட்டினார். பஸ் ஊர்ந்தது.

டீச்சர் எழுந்தார். "நான் இறங்கணும்."

"இங்க ஸ்டாப் இல்லம்மா" என்றார் கண்டக்டர்.

"எனக்கும் இங்கதான்" என்று பின்னால் ஒருவர் எழுந்தார். இன்னொருவர். பிறகு பஸ்ஸே எழுந்து நின்றது. டிரைவர் அதிகாரியின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கூட்டம் தையல்காரி வாசலுக்குப் போவதற்குள், பெல்ட்டை உருவிய ஒருவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருந்தாள் விசிலக்கா. முன்னால் நின்ற அதிகாரியைப் பார்த்து அவன், நீங்க யாரு சார் என்றான். அதிகாரிக்குப் பழக்கதோஷம்.

"செக்கிங். டிக்கெட் எடு."

அவன் எல்லாப் பைகளிலும் தேடினான்.

விசிலுக்காக பஸ் நின்றது என்று மேலிடத்துக்கு எப்படிச் சொல்வது? அங்கே ஸ்டாப் வேண்டுமென்று பயணிகள் பெருவாரியாகக் கேட்டுக்கொண்டார்கள் என்று சொன்னார் அதிகாரி. கம்பம் நட்டுப் பலகையும் மாட்டினார்கள். விசில்களை வாங்கப் போலீஸ் வரவில்லை. அதன்பின் தையல்காரியின் ஜன்னலுக்குக் கீழே எந்நேரமும் யாராவது பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

குரலை உயர்த்திய ஒருவனிடம் அவள் சொன்னாள். "மெதுவாப் பேசுங்க. கீழ பத்துப் பேர் நிக்கறாங்க, பஸ் வேற லேட்டு."

அவன் ஜன்னலை ஒருமுறை பார்த்தான். ஆணுறைக்குக் கையை நீட்டினான்.