மாட்டுக்கொட்டகைக்கு அடியில் ஒரு சுரங்கம்

மேற்குக் கார்க் பக்கத்துக் கிராமங்களில் ஃபின்பார் லூசியைத் தெரியாதவர்கள் குறைவு. இடிந்த மடம், வயலில் நிற்கும் ஒற்றைக்கல், முட்புதர் மூடிய கோட்டைமேடு, எதைக் கடந்தாலும் டிராக்டரை நிறுத்தி, "இத யாரு வச்சிருப்பா?" என்று கேட்காமல் நகரமாட்டார். அவரைத் தொலைவில் கண்டாலே ஊர்ப் பாதிரியார் வேறு வழியாக நழுவிவிடுவார். பாவம், அவரும் எத்தனைக்குத்தான் பதில் சொல்வார்!

அந்த இலையுதிர் காலத்தில் அவர் நிலத்தில் மாட்டுக்கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். குளிர் வருவதற்குள் கூரை ஏறியாக வேண்டும். போன வருடம் ஒரு கன்று சேற்றில் நின்றே செத்துப்போயிருந்தது. தோண்டும் இயந்திரம் ஒரு பலகைக்கல்லைப் புரட்டியது. அடியில் கல் அடுக்கிக் கட்டிய சுரங்கம்.

மனைவி நோரீன் எட்டிப் பார்த்தாள். "மண்ணத் தள்ளி மூடுங்க. அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா இங்க ஒரு கல்லு வைக்க விடமாட்டாங்க."

"மூடிடலாம். ஒரே ஒரு தடவ பாத்துட்டு."

"பாத்தப்புறம் நீங்க மூடவா போறீங்க?"

ஃபின்பார் டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தார். சில அடியிலேயே வழி சட்டென்று குறுகியது. கொள்ளைக்காரன் நுழையாமலிருக்க அந்தக் காலத்தார் செய்த உபாயம். ஃபின்பாரின் தொந்தி அதில் வசமாக மாட்டிக்கொண்டது.

"சிக்கிட்டேன்டி!"

"நல்லா வேணும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உங்களுக்குன்னு அளவெடுத்துக் கட்டியிருக்கான்!"

நோரீன் வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் டார்ச் வெளிச்சம் கூரைக்கல்லின் ஓரத்தில் விழுந்தது. வரிசை வரிசையாக வெட்டிய கோடுகள், பழைய எழுத்து. "இழுக்காத, இழுக்காத!" என்று கத்தினார்.

வெளியே வந்ததும் தொல்லியல் துறைக்குப் பேசப் போனை எடுத்தார்.

"கன்னுக்குட்டிங்க?" என்றாள் நோரீன்.

அவர் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் எண்ணை அழுத்தினார். "என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

கொட்டகை வேலை நின்றது. கார் நின்ற ஷெட்டில் கன்றுகள் நின்றன, கார் மழையில் நின்றது. நோரீன் அவரோடு பேசுவதை நிறுத்தினாள்.

கல்லைப் படிக்க வந்த தொல்லியல்காரப் பெண் சேறும் சிரிப்புமாக வெளியே வந்தாள். "ஒரு ஆளோட பேரு. அவன் அப்பா பேரு. அவ்வளவுதான்."

வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்விக்கு ஒரு பேராவது கிடைத்ததில் ஃபின்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. தீவன வாளியோடு அந்தப் பக்கமாகப் போன நோரீன் நின்றாள்.

"அவன் அம்மா பேரு?"

"அது போடலைங்க."

நோரீன் வாளியைக் கீழே வைத்தாள். புருஷன் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு சுரங்க வாயிலில் சேற்றில் மண்டியிட்டாள்.

"தள்ளுங்க ரெண்டு பேரும். என் கொட்டகைய முழுங்கின குழி இது. மிச்சக் கல்லுல என்ன இருக்குன்னு நான் பாக்குறேன்."